மூழ்குதலும் மீளுதலும்
(கண்டி மலைநகரும் படையினரின் நீர்மூழ்கற் பயிற்சியும்)

கண்டி மாநகர் கடல் காணா நகரம். குன்றுகள் சூழ்ந்து நிற்க, மகாவலி கங்கை மருங்கே வளைந்தோட, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அது அமைந்துள்ளது. கண்டி அரசின் இறுதி மன்னனாகிய சிறீ விக்கிரமராசசிங்கன் 1807 ஆம் ஆண்டளவில் நகரின் நடுவே வயலாய்க் கிடந்த நிலத்தை அணையிட்டு ஏரியாக்கினான். அவ்வேரிக்குப் பாற்கடல் எனப் பொருள்படும் 'கிரி முகுத' என்னும் பெயரும் சிங்களத்தில் வழங்கலாயிற்று. கடலில்லா ஊரார் தம் ஏரியையே கடலெனப் போற்றினர் போலும்.

இத்தகைய மலைநகருக்கும் கடலடியில் மூழ்கும் படைவீரருக்கும் தொடர்பு யாதென வினவுதல் இயல்பே. தொடர்பு உண்டு, அஃது இருவகைப்படும். முதலாவது வரலாற்றுத் தொடர்பு. இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில், தென்கிழக்காசியாவின் கடல்களிலும் ஆறுகளிலும் நீந்தியும் மூழ்கியும் பணிபுரிந்த வீரரின் உச்சத் தலைமைப்பீடம் கண்டியிலேயே இருந்தது. இரண்டாவது பௌதிகவியல் தொடர்பு. கடலில் மூழ்கிய ஒருவன் கண்டிக்கு ஏறி வருவானாயின், அம்மலையேற்றத்தையும் தன் மூழ்கலின் ஒரு பகுதியாகவே அவன் எண்ணுதல் வேண்டும். இவ்விரு தொடர்பையும் ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகும். நீரில் இறங்குதல் எளிது; மீண்டு ஏறுதலே அரிது. படையினருக்கு அளிக்கப்படும் நீர்மூழ்கற் பயிற்சி என்பது, உண்மையில், மீளுதலைக் கற்பிக்கும் பயிற்சியே ஆகும்.

மூச்சடக்கி மூழ்கியோர்

தமிழ்மக்களுக்கு மூழ்குதல் புதிய கலையன்று. முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் மன்னார்க் குடாவின் இரு கரையிலும் நெடுங்காலம் நிலைபெற்ற தொழில்கள். சிலாபத்துறை என்னும் ஊர்ப்பெயர் முத்துச் சலாபத்தின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றது. குளிப்போன் கயிற்றிற் கட்டிய கனத்த கல்லொன்றின்மேற் காலூன்றி விரைவாகக் கீழிறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்துள் சிப்பிகளைக் கூடையில் வாரி நிறைப்பான். பின் கயிற்றை அசைத்து அடையாளங் காட்டுவான். தோணியில் நிற்பவன் அவனை மேலே இழுத்தெடுப்பான். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் வேண்டும், தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாவதை அவன் பொறான், என்று வழக்கிற் கூறுவர். நீருள் இறங்குபவன் உயிர் மேலே நிற்பவன் கையில் உள்ளது என்பதே அவ்வழக்கின் கருத்து.

அக்காலத்தில் சுறாவுக்கு அஞ்சிய குளிகாரர், அதன் வாயை மந்திரத்தாற் கட்ட வல்லோராகக் கருதப்பட்ட கடற்கட்டிகளை அமர்த்திய பின்னரே கடலில் இறங்கினர். அச்சம் தணிந்தாலன்றிக் கைகள் பணிபுரியா என்பதை அவர் அறிந்திருந்தனர்.

இம்முறைக்கு ஓர் இயற்கை எல்லை உண்டு. மூச்சை அடக்கும் ஆற்றல் எத்துணையோ அத்துணையே கடலடியில் தங்கும் காலமும் ஆகும். ஆயின் அதற்கு ஓர் இயற்கைக் காப்பும் உண்டு. மேற்பரப்பில் உள்ளிழுத்த காற்று, ஆழத்தில் நீரின் அமுக்கத்தாற் சுருங்குகின்றது. மேலே வரும்போது மீண்டும் தன் பழைய அளவையே அடைகின்றது. ஆதலின் நுரையீரல் தன் அளவுக்கு மிஞ்சி விரிவதில்லை. இவ்வெல்லையைக் கடக்க விழைந்த நவீன வீரன் இக்காப்பினை இழந்தான். அதனைப் பின்னர்க் காண்போம்.

பேராதனையும் 1944 ஆம் ஆண்டும்

1941 திசெம்பர் 19 ஆம் நாள், அலெச்சாந்திரியாத் துறைமுகத்தில் இத்தாலியக் கடற்படையினர் அறுவர், மனிதர் ஏறிச் செலுத்தும் நீர்மூழ்கிக் குண்டுகளில் இரவோடிரவாகப் புகுந்து, 'குயீன் எலிசபெத்து', 'வேலியன்று' என்னும் பிரித்தானியப் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டையும் செயலிழக்கச் செய்தனர். அறுவர் செய்த அச்செயல், மூழ்கும் வீரனின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திற்று. பிரித்தானியரும் அமெரிக்கரும் அத்தகைய வீரரைப் பயிற்றுவதில் விரைந்து முனைந்தனர்.

1944 ஏப்ரலில், மவுண்ட்பேற்றன் பிரபுவின் தலைமையில் இயங்கிய தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் தில்லியிலிருந்து கண்டிக்கு இடம் மாறிற்று. பேராதனைப் பூந்தோட்டத்தின் மரநிழலில் அலுவலகங்கள் எழுந்தன. பிற்காலத்திற் பல்கலைக்கழகத்தாற் பெயர்பெற்ற பேராதனை, அந்நாளில் பர்மா முதல் சுமாத்திரா வரை பரந்த போர்க்களத்தின் மூளையாக விளங்கிற்று. மலைமேற் பிறந்த ஆணைகள் கடலில் நிறைவேறின.

அக்கட்டளைப்பீடத்தின் கீழ் 1944 இல் 'சிறு நடவடிக்கைக் குழு' என்னும் அமைப்பு உருவாயிற்று. அதன் பாசறை யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் நீர் நடுவே நிற்கும் ஹம்மன்ஹீல் கடற்கோட்டையை அடுத்து அமைந்தது. சிறு வள்ளங்களிற் சென்று பகைவர் கரையை உளவறிவோரும், நீந்திச் சென்று கரையின் ஆழத்தையும் மணலின் தன்மையையும் அளந்து வருவோரும் அக்குழுவில் இடம்பெற்றனர். அவருள் ஒரு பிரிவினர் 'கடல் உளவுப் பிரிவினர்' எனப்பட்டனர். அதனை உருவாக்கியவர் கனடாக் கடற்படையைச் சேர்ந்த புரூஸ் றைற் என்பவர், தொழிலால் வனவியலாளர். கலிபோர்ணியாவிலும் பகாமாத் தீவுகளிலும் பயின்ற அப்பிரிவினர் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். கடலுக்கெனப் பயின்ற அவருக்கு வாய்த்த பெரும்பணியோ ஆற்றில் அமைந்தது. 1945 பெப்ரவரியில் பிரித்தானிய இந்தியப் படைகள் பர்மாவின் ஐராவதி ஆற்றைக் கடந்தபோது, இருளில் நீந்திச் சென்று அக்கரையை ஆராய்ந்தவர் இவரே.

திருக்கோணமலையிலிருந்து மற்றொரு பயணம் நிகழ்ந்தது. 'திரெஞ்சன்று' என்னும் நீர்மூழ்கிக் கப்பல், மனிதர் செலுத்தும் குண்டுகள் இரண்டினையும் அவற்றுக்குரிய வீரர் நால்வரையும் சுமந்து சென்றது. 1944 ஒக்டோபர் 28 ஆம் நாள் இரவு, சியாம் நாட்டுப் புக்கெற்றுத் துறைமுகத்தில் அவ்வீரர் புகுந்து, அங்கு நின்ற இரண்டு கப்பல்களுக்கு வெடிகளைப் பொருத்தினர். இப்பயணத்திற் போற்றத்தக்கது யாதெனின், நால்வரும் உயிருடன் மீண்டமையே. இத்தகைய முயற்சிகள் பலவற்றிற் சென்றோர் திரும்பாமை வழக்கமாயிருந்த காலம் அது.

அமெரிக்க உளவுத்துறையின் கிளையொன்றும் அந்நாளிற் கண்டியில் இயங்கிற்று. பிற்காலத்தில் சமையற்கலை நூல்களாற் பெரும்புகழ் பெற்ற யூலியா சைல்ட் அம்மையார் 1944 இல் அங்கு வந்து, மறைமுக ஆவணங்களைப் பேணும் பணியை மேற்கொண்டார். அதற்கு முன் வாசிங்டனில், கடலில் வீழ்ந்த வீரரை அணுகாது சுறாவை விரட்டும் மருந்தினை ஆராய்ந்த பிரிவிலே அவர் பணிபுரிந்தவர். மன்னாரிற் கடற்கட்டியின் மந்திரம் செய்த வேலையை அங்கு இரசாயனம் செய்ய முயன்றது எனலாம்.

கருவியின் இயல்பு

போர்க்கால வீரர் பயன்படுத்தியது மீள்சுவாசக் கருவியாகும். வீரன் வெளிவிடும் மூச்சு நீரிற் கலவாது ஒரு பையினுட் செல்லும். அங்குள்ள சோடாச் சுண்ணாம்பு காபனீரொட்சைட்டை உறிஞ்சிக்கொள்ளும். குறைந்த ஒட்சிசனைச் சிறு உருளையொன்று ஈடுசெய்யும். குமிழிகள் எழாமையாற் பகைவர் காண்டல் அரிது. பென்சில்வேனியப் பல்கலைக்கழக மருத்துவ மாணவராயிருந்த கிறிஸ்தியன் லம்பேற்சன் அமைத்த கருவியை அமெரிக்க உளவுத்துறையினர் ஏற்றுக்கொண்டனர்.

உயிர்வளியாகிய ஒட்சிசனே அக்கருவியில் நஞ்சாகவும் மாறக்கூடும். தூய ஒட்சிசனை உயர்ந்த அமுக்கத்திற் சுவாசிப்பின் நரம்புமண்டலம் தாக்குண்டு வலிப்பு உண்டாகும். நீருள் வலிப்பு வரின் முடிவு யாதென விளக்க வேண்டுவதில்லை. அதனாற் போர்க்காலத்தில் ஏறக்குறைய 10 மீற்றரே எல்லையெனக் கொள்ளப்பட்டது. இக்காலத்தில் அதனினும் குறைந்த ஆழமே விதிக்கப்படுகின்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனினும் நேரான சான்று அரிது.

1943 இல் பிரான்சு தேசத்தில் சாக் கூஸ்தோ, எமில் கஞ்ஞான் என்னும் இருவர் வேறொரு கருவியை ஆக்கினர். அமுக்கி அடைத்த சாதாரண வளியை, மூழ்குவோன் நிற்கும் ஆழத்தின் அமுக்கத்துக்கு இசைய, அவன் மூச்சிழுக்கும் பொழுது மாத்திரம் அளிக்கும் வால்வு அதில் அமைந்தது. இன்று 'ஸ்கூபா' என உலகெங்கும் வழங்குவது பெரும்பாலும் இவ்வகையே. அப்பெயர், தன்னுட் காற்றை அடக்கிய நீரடிச் சுவாசக் கருவி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆனது. படைவீரருக்கு மனவுறுதி வளர்க்கும் சாகசப் பயிற்சியிற் கற்பிக்கப்படுவதும் இதுவே. குமிழியை மறைக்க வேண்டிய தேவை அங்கில்லை. உயிருடன் கற்றுத் திரும்புதலே தேவை.

அமுக்கத்தின் விதிகள்

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. மேற்பரப்பில் 1 ஆக இருப்பது 10 மீற்றரில் 2 ஆகவும், 20 மீற்றரில் 3 ஆகவும், 30 மீற்றரில் 4 ஆகவும் உயரும். இராபர்ட்டு பொயில் 1662 இல் வெளியிட்ட விதிப்படி, அமுக்கம் இருமடங்காயின் வாயுவின் கனவளவு பாதியாகும். இதனின்று மூன்று உண்மைகள் பெறப்படும்.

முதலாவது, காற்றின் செலவு. 200 வளிமண்டல அமுக்கத்தில் நிரப்பிய 12 இலீற்றர் உருளையில் ஏறக்குறைய 2,400 இலீற்றர் வளி அடங்கும். நிமிடத்துக்கு 20 இலீற்றர் சுவாசிப்பவனுக்கு மேற்பரப்பில் அது 120 நிமிடத்துக்குப் போதும். 10 மீற்றரில் 60 நிமிடம்; 20 மீற்றரில் 40 நிமிடம்; 30 மீற்றரில் 30 நிமிடம். ஆயினும் முழுவதையும் செலவிடலாகாது. 50 வளிமண்டலம் எஞ்சியிருக்கும்போதே மேற்பரப்பை அடைதல் மரபு. போகுங் காலத்திலேயே வரும் வழிக்குரிய பொருளைத் தனியே முடிந்துவைக்கும் வழிப்போக்கனின் சிக்கனம் இங்கு வேண்டப்படும்.

இரண்டாவது, மூச்சை அடக்கலாகாமை. 10 மீற்றர் ஆழத்தில் உருளையிலிருந்து நுரையீரல் நிறைய வளியை இழுத்தவன், மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுவானாயின், மேற்பரப்பில் அவ்வளி இருமடங்காகும். நுரையீரல் அதனைத் தாங்காது கிழியும். வளிக்குமிழிகள் குருதியிற் புகுந்து மூளையைத் தாக்கும். நிறைந்த நுரையீரலுடன் ஒன்றரை மீற்றர் உயர்ந்தாலும் இவ்வபாயம் நேரக்கூடும். முத்துக்குளிப்போனுக்கு இயற்கை தந்த காப்பு இங்கு இல்லை. அவன் மேலே இழுத்த மூச்சுடன் இறங்கினான், இவனோ கீழே இழுத்த மூச்சுடன் ஏறுகின்றான். பூரகம், கும்பகம், இரேசகம் என மூச்சினை மூன்றாக வகுத்த நம் யோகநூலார் கும்பகத்தைச் சிறப்பித்தனர். நீர்மூழ்குவோனுக்கோ கும்பகம் விலக்கப்பட்டது. ஆயினும் மூச்சில் மனத்தை நிறுத்துதல் இருவருக்கும் பொது.

மூன்றாவது, நைதரசனின் செயல். நாம் சுவாசிக்கும் வளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைதரசனாகும். அமுக்கம் கூடுந்தோறும் அது குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரையும். அமுக்கம் மெதுவாகக் குறையின், கரைந்த வாயு நுரையீரல் வழியே தீங்கின்றி வெளியேறும். விரைந்து குறையின், சோடாப்புட்டியைத் திறந்தாற்போல உடலினுள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டுவலி முதல் கைகால் முடக்கம், மரணம் வரை அதனால் விளையும். பொயில் 1670 இல், வளிநீக்கிய கலத்தினுள் வைத்த விரியன் பாம்பொன்றின் கண்ணிற் குமிழி அசைவதைக் கண்டு குறித்தார். ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டின் பின், 1908 இல், யோன் ஸ்கொற் ஹோல்டேன் என்பாரும் அவர்தம் துணைவரும் பிரித்தானியக் கடற்படையின் பொருட்டு ஆடுகளை அமுக்க அறையில் வைத்து ஆராய்ந்து, படிப்படியாக நின்று ஏறும் முறையை வகுத்தனர். நோயுற்ற ஆடு ஒரு காலைத் தூக்கி நின்றே தன் வலியைக் காட்டிற்றாம். அவ்வாட்டுக்குப் பின்வந்த மூழ்குவோர் அனைவரும் கடன்பட்டவர்.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கடலட்டையும் சங்கும் தேடி உருளையுடன் இறங்கும் தொழிலாளருள், முறையான பயிற்சியின்றி மீண்டும் மீண்டும் மூழ்கி இந்நோயால் முடமானோர் உளர். அவர்க்கு அஞ்சாமை குறையவில்லை; ஏறும் முறையைக் கற்பிப்பாரே வாய்த்திலர்.

பயிற்சியின் படிகள்

பிரித்தானியப் படைகளில் மலையேற்றம், பாய்க்கப்பலோட்டம், குகைபுகல் முதலியவற்றுடன் நீர்மூழ்கலும் சாகசப் பயிற்சியாக ஏற்கப்பட்டுள்ளது. அப்பயிற்சியின் நோக்கம் பகைவரைத் தாக்குதலன்று. அளவறிந்து ஏற்கும் அபாயத்தின் நடுவே வீரனை நிறுத்தி, அவனிடத்துத் துணிவு, தலைமை, கூட்டுணர்வு ஆகியவற்றை வளர்த்தலே அதன் கருத்து. போர்த்தொழிலுக்கெனப் பயிலும் கடற்படை மூழ்குநரின் கல்வி வேறு, இது வேறு.

பயிற்சி, கடலில் அன்று, வகுப்பறையிற் றொடங்குகின்றது. மருத்துவச் சோதனையும் நீச்சற் சோதனையும் முடிந்த பின், மேற்கூறிய விதிகள் கற்பிக்கப்படும். அடுத்தது நீச்சற்குளம். முகக்கண்ணாடியினுள் நீர் புகவிட்டு, மூக்கினால் ஊதி அதனை வெளியேற்றுதல். வாயிலுள்ள சுவாசக்குழாயைக் கழற்றி விட்டு மீண்டும் தேடிப் பற்றுதல். தோழனின் உருளையிலிருந்து சுவாசித்து இருவரும் ஒருங்கே ஏறுதல் என்பன பன்முறை பயிலப்படும். காது வலிக்கத் தொடங்குவது இரண்டு மூன்று மீற்றர் ஆழத்திலேயாம். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி நடுச்செவியின் அமுக்கத்தைச் சமன்செய்தல் வேண்டும். வலி தோன்றிய பின் வலிந்து ஊதுதல் தவறு. வலிக்கு முன்னரே செய்தல் முறை.

பின்னர் மிதவைச் சமநிலை கற்பிக்கப்படும். இடையிற் கட்டிய ஈயக்கட்டிகளாலும், காற்றடைக்கும் மேலாடையாலும், தன் மூச்சினாலும் ஒருவன் நீரில் ஏறாமலும் இறங்காமலும் நிற்றல் வேண்டும். உள்மூச்சுக்குச் சிறிது உயர்வான். வெளிமூச்சுக்குச் சிறிது தாழ்வான். உடல்வலிமையால் நீரை வெல்ல முற்படும் திடகாத்திரனான வீரன் இங்கு விரைவிற் களைத்துக் காற்றை வீணாக்குவான். அமைதியுடையவன் அதே உருளையைக் கொண்டு நெடுநேரம் நிற்பான்.

நீருள் மொழி இல்லை, சைகையே மொழி. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டின் நலம் என்பது பொருள். சின்முத்திரையை ஒத்த இச்சைகை நம்மவர்க்கு எளிதில் மனத்திற் பதியும். பெருவிரலை உயர்த்திக் காட்டின் மேலேறுக என்பது பொருள். இணையராக மூழ்குவோருள் ஒருவர் இச்சைகையைக் காட்டின் மற்றவர் காரணம் வினவாது உடன் ஏறுதல் வேண்டும். படையின் ஏனைய பணிகளில் மேலோன் ஆணைக்குக் கீழோன் பணிவான். நீரிலோ, நேற்றுச் சேர்ந்த இளைஞன் பெருவிரலை உயர்த்தினாலும் அதிகாரி அதற்குப் பணிதல் வேண்டும். அச்சமுற்றேன் என்று ஒப்புக்கொள்ளும் துணிவு கீழோனுக்கும், அதனை இகழாது ஏற்கும் பெருமை மேலோனுக்கும் இதனால் உண்டாகின்றன. இவ்விரண்டினும் சிறந்த பயன் இப்பயிற்சியில் வேறில்லை. தோணியிற் கயிறு பிடித்த மைத்துனன் இன்று நீருக்குள்ளேயே தோழனாக உடன் வருகின்றான் எனலாம்.

இறுதியாகக் கடலில் இறங்குவர். தொடக்கநிலையினர்க்கு 18 அல்லது 20 மீற்றரே எல்லை. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீற்றருக்கு மேற்படலாகாது; முன்னாளில் 18 மீற்றர் வரை ஒப்பப்பட்டது. மேற்பரப்புக்கு 5 மீற்றர் கீழே 3 நிமிடம் நின்று வருதலும் வழக்கம். கதிரொளி கண்முன்னே தெரியும். தோணியின் அடி தலைக்குமேல் அசையும். ஆயினும் நிற்றல் வேண்டும். 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு வருங்கால் வாயுவின் கனவளவு மூன்றிலொரு பங்கே கூடும். 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வருங்காலோ இருமடங்காகும். ஆதலின் இல்லம் அண்மித்த பொழுதே எச்சரிக்கை மிகுதல் வேண்டும்.

மலைக்கு மீளுதல்

கண்டியின் பௌதிகவியல் தொடர்பு இங்கு விளங்கும். மேற்பரப்பை அடைந்தவுடன் ஏற்றம் முடிந்துவிட்டதெனக் கருதுவது பிழை. உடலிற் கரைந்த நைதரசன் முற்றாக நீங்குதற்குப் பல மணி நேரம் செல்லும். அந்நிலையில் ஒருவன் உயர்ந்த இடத்துக்குச் செல்வானாயின், வளிமண்டல அமுக்கம் மேலும் குறையும். கடலில் விரைந்து ஏறியதற்கு நிகரான விளைவு உண்டாகலாம்.

திருக்கோணமலையிற் காலையில் மூழ்கிய வீரர் குழுவொன்று, ஏறக்குறைய 180 கிலோமீற்றர் கடந்து, தம்புள்ளை, மாத்தளை வழியே மாலையிற் கண்டியை அடைகின்றது எனக் கொள்வோம். கண்டியில் வளியின் அமுக்கம் கடல்மட்டத்து அமுக்கத்தின் ஏறக்குறைய 94 விழுக்காடே. இக்குறைவு சிறிது, ஆயினும் ஆழ்ந்தும் பன்முறையும் மூழ்கியவனுக்குப் புறக்கணிக்கத்தக்கதன்று. அக்குழு அன்றிரவே நுவரெலியாவுக்கு ஏறின், 1,868 மீற்றர் உயரத்தில் அமுக்கம் 80 விழுக்காடளவாகத் தாழும். பயணிகள் விமானத்தினுட் காணப்படும் நிலைக்கு இஃது ஒப்பாகும். மூழ்கிய பின் விமானம் ஏறுவோர் ஒருமுறை மூழ்கினாற் குறைந்தது 12 மணி நேரமும், பன்முறை மூழ்கினாற் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருத்தல் வேண்டும் என்பது இக்கால அறிவுரை. மலைப்பாதையில் ஊர்தியிற் செல்வோர் தாம் பறப்பதாக எண்ணாமையால் இதனை மறந்துவிடுவர். மூட்டு நோவு தோன்றின் நெடும்பயணத்தின் களைப்பென்று கொள்வர். கடற்கரையில் ஓர் இரவு தங்கிப் புறப்படுதலே அறிவுடைமை.

மலைநாட்டு நீர்நிலையிலேயே மூழ்குவோர்க்கு வேறு கணக்கு உண்டு. கண்டிக்குக் கிழக்கே 1985 இல் நிறைவெய்திய விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அணை 122 மீற்றர் உயரமுடையது. நிறைநிலையில் அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 438 மீற்றர் மேலுள்ளது. அத்தகைய உயரத்தில் மேற்பரப்பின் அமுக்கமே குறைவாதலால், 20 மீற்றர் ஆழத்திலிருந்து ஏறுபவனுக்கு அமுக்க மாற்றத்தின் விகிதம் கடலினும் மிகும். கடல்மட்டத்துக்கென வகுத்த அட்டவணையை மாற்றமின்றிக் கொள்ளலாகாது. 300 மீற்றருக்கு மேற்பட்ட நீர்நிலைகளுக்குத் திருத்தம் வேண்டும் என்பர். நன்னீர் கடல்நீரினும் ஏறக்குறைய 2.5 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. கருவியுடன் 100 கிலோகிராம் நிறையுடையவன் இங்கு இரண்டரைக் கிலோகிராம் ஈயத்தைக் குறைத்தல் வேண்டும். குறைக்க மறந்தவன் அடிச்சேற்றிற் புதைவான்.

அந்நீரின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கின்றது. வறட்சிக் காலங்களில் அதன் இடிபாடுகள் வெளிப்படுவதுண்டு. சேறும் மரக்கிளைகளும் மூழ்கிய சுவர்களும் உள்ள இடத்தில் ஒளி சிறிது தூரமே செல்லும். கடலிற் பவளப்பாறைகளைக் காணும் மகிழ்ச்சி அங்கில்லை, கைகளே கண்களாகும். மகாவலிக் கரையில் மேலும் கீழே, ரந்தம்பையில், தேசிய மாணவர் படையணியின் பயிற்சி நிலையம் உள்ளது. நம் கல்லூரி மாணவர் பலர் படையணியிற் சேர்ந்து நீரோரத்திற் பாசறை கொள்கின்றனர். அவர் மூழ்கக் கல்லாராயினும், நீரின் இயல்பை அறிந்து அடங்கி நடத்தல் அவர்க்கும் வேண்டுவதே. மகாவலியில் ஆண்டுதோறும் உயிரிழப்போருள் நீந்த அறிந்தோரும் உளர்.

போர்க்கருவி அறிவுக்கருவியானமை

போர் முடிந்தது. தலைமைப்பீடம் 1945 இறுதியிற் சிங்கப்பூருக்கு நீங்கிற்று. பேராதனையிற் பாசறைகள் அகன்று பல்கலைக்கழகம் எழுந்தது. நீர்மூழ்கும் கலையோ படையினர் கையிலிருந்து பொதுமக்கள் கைக்கு வந்தது. அம்மாற்றத்தின் சிறந்த சான்று திருக்கோணமலையிலேயே கிடைத்தது. 1622 இற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் கற்கள் பல சுவாமிமலையின் அடியிற் கடலில் வீழ்ந்தன. 1956 இல் ஆதர் சி. கிளாக்கின் துணைவரான மைக் வில்சன் அங்கு மூழ்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார். கிளாக்கு அதனை அடுத்த ஆண்டில் வெளியான தம் நூலொன்றில் விரித்துரைத்தார். வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி எனப் பெயர் பெற்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எத்துறைமுகத்திலிருந்து வீரர் கப்பல்களை அழிக்கப் புறப்பட்டனரோ, அதன் அருகிலேயே அழிக்கப்பட்டதொன்றை மீட்கும் பொருட்டு மனிதர் மூழ்கினர். கலை ஒன்றே, பயன் வேறு.

முடிவுரை

படைப்பயிற்சி என்றவுடன் முன்செல்லுதலே நம் நினைவுக்கு வரும். நீர்மூழ்கற் பயிற்சியோ நிற்கவும் காத்திருக்கவும் மீளவும் கற்பிக்கின்றது. எவ்வளவு ஆழம் சென்றான் என்பதனால் ஒருவன் மதிக்கப்படுவதில்லை. தானும் தோழனும் எவ்வாறு ஏறி வந்தனர் என்பதனாலேயே மதிக்கப்படுகின்றான். மூச்சை ஒழுங்காக விடுதல், எஞ்சிய காற்றை எண்ணுதல், தோழனின் கையை நோக்குதல், ஒளி அருகே தெரியும்போதும் மூன்று நிமிடம் பொறுத்தல், கரையேறிய பின்னும் மலையேறத் தாழ்த்தல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் வீரச்செயலாகத் தோன்றாது. ஆயினும் புக்கெற்றிலிருந்து நால்வரும் மீண்டது போன்ற மீட்சிக்கு அடிப்படை இத்தகைய சிறு அடக்கங்களே.

கடல் காணா நகரத்து மாணவனுக்கு இக்கல்வி தொலைவிலுள்ளது போலத் தோன்றலாம். ஆயினும் அவன் நாள்தோறும் சுவாசிக்கும் மலைக்காற்றே அதன் முதற் பாடமாகும். கடலிலிருந்து கண்டிக்கு வரும் பாதையும் ஓர் ஏற்றம். அதனையும் மெதுவாகவே ஏறுதல் வேண்டும்.